பச்சை நான் வைத்ததல்ல

இடது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் துணியின் ஓரத்தை உருட்டிக்கொண்டிருந்தன. விரல் நுனியில் ஒரு துளி எச்சில். ஓரம் தீக்குச்சி கனத்துக்குச் சுருண்டதும் வலது கை ஊசியைச் சுருளுக்குள் நுழைத்தது, கீழே துணியில் ஒரே ஒரு இழையைக் குத்தி எடுத்தது, மறுபடி சுருளுக்குள் போனது. ஆறு தையலுக்கு ஒருமுறை நூலை இழுத்தால் தையல் மொத்தமும் உள்ளே ஒளிந்துகொள்ள வேண்டும். இன்று ஒளியவில்லை. இரண்டு தையல் வெளியே நின்று பல்லை இளித்தன. கை அவற்றைப் பிரித்தது. பிரித்துவிட்டுக் கத்தரிக்கோலை மேசையில் வைத்தது. வைத்தது என்பது மரியாதைக்குச் சொல்வது. பக்கத்து மேக்கப் அறையில் ஒரு நொடி பேச்சு நின்றது.

கோபமாக இருக்கும்போது ஊசியைத் தொடக் கூடாது என்பது அவள் தனக்குத் தானே போட்டுக்கொண்ட சட்டம். பதினேழு வருஷத்தில் இன்றுதான் முதல் தடவை மீறினாள். ஊசியைத் தொடாவிட்டால் இஸ்திரிப் பெட்டியை எடுத்து யார் தலையிலாவது போட்டிருப்பாள்.

அவளுக்கு வேலை தொலைக்காட்சி நிலையத்தில். செய்தி வாசிக்கும் ஆண்களுக்குக் கோட்டு, சட்டை, டை, கோட்டின் மேல்பையில் எட்டிப் பார்க்கும் சின்னக் கைக்குட்டை, இந்த நான்கையும் பொருத்தி உடுத்தி அனுப்ப வேண்டும். நிலையத்தில் எல்லோருக்கும் அவள் கர்சீப் அக்கா. மூன்றாம் மாடியில் ஜன்னல் இல்லாத அறை, இரும்புக் கம்பியில் நாற்பத்திரண்டு கோட்டு, நீராவி இஸ்திரிப் பெட்டி, ஒரு மின்சாரக் கெட்டில். கோட்டுகளில் பாதி இரவல். யார் உடம்புக்கும் அளவாக இருக்காது. முதுகுப் பக்கம் துணி கிளிப் போட்டு இழுத்துப் பிடித்துவிடுவாள். முன்னால் பார்த்தால் மாப்பிள்ளை, பின்னால் பார்த்தால் கொடிக்கயிறு.

இஸ்திரி போடத்தான் அவளை எடுத்தார்கள். மற்றதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தாழ்வாரத்தில் ஒரு டிவி ஓடிக்கொண்டே இருக்கும். அதன் முன்னால் நின்று நின்று கற்றுக்கொண்டாள். பொடிக் கட்டம் போட்ட சட்டை கேமராவில் எறும்புக் கூட்டம் மாதிரி நெளியும். பளிச்சென்ற வெள்ளை, விளக்குக்குக் கீழே பல்பு மாதிரி எரியும். அதற்குத்தான் கெட்டில். வெள்ளைக் கைக்குட்டைகளை வெறும் டீத்தண்ணியில் ஐந்து நிமிஷம் முக்கி எடுப்பாள். கையில் பார்த்தால் அழுக்கு. திரையில் பார்த்தால் வெள்ளை.

டையும் கைக்குட்டையும் ஒரே துணியில் இருந்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். கடைகளில் பெட்டி போட்டு ஜோடியாக விற்பார்கள். "ரெட்டைப் பிள்ளைங்களுக்கு ஒரே சட்டையை மாட்டிக் கூட்டிட்டு வந்த மாதிரி இருக்கு. சொந்தக்காரங்கன்னு தெரிஞ்சா போதாதா?" என்பாள். டையில் எந்த நிறம் குறைவாக இருக்கிறதோ அதைக் கைக்குட்டைக்கு எடு, இல்லையென்றால் சட்டையில் ஓடும் கோட்டின் நிறத்தை எடு. டையில் பூவோ புள்ளியோ இருந்தால் கைக்குட்டை ஒற்றை நிறத்தில் இருக்கட்டும். டை பட்டாகப் பளபளத்தால் அது பருத்தியாக அடங்கி உட்காரட்டும். இதற்கெல்லாம் மேலே, இந்தக் கட்டடத்துக்கென்று ஒரு விதி: பச்சை கூடாது. வாசிப்பவருக்குப் பின்னால் இருப்பது பச்சைத் துணிச் சுவர். பச்சையாகக் கண்ணில் பட்டதையெல்லாம் கம்ப்யூட்டர் அழித்துவிட்டு அந்த இடத்தில் படத்தை வைக்கும். சுவர் எது, மனிதன் எது என்று அதற்குத் தெரியாது.

நேற்று ஏழு மணிச் செய்தி. கடலில் புயல் என்பதால் ஊரே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. வாசித்தவர் செய்தி சார். நிலையத்தின் மூத்தவர், தெருவில் இறங்கினால் பத்துப் பேர் நின்று படம் எடுத்துக்கொள்ளும் முகம். அவருக்குக் கருநீலக் கோட்டு, வெள்ளைச் சட்டை, மெரூன் டை என்று எடுத்து வைத்திருந்தாள். டையில் நூல் கனத்துக்குப் பச்சைக் கோடு. அந்த அளவுக் கோட்டைக் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாது என்று கன்ட்ரோல் ரூமில் கேட்டுத் தெரிந்துகொண்டு, கேமரா முன்னால் பிடித்துப் பார்த்த பிறகுதான் கட்டிவிட்டாள். பையில் டீத்தண்ணி வெள்ளை, நேர் மடிப்பு, ஒரு விரல் அகலம். தோளைத் தட்டிவிட்டு அனுப்பினாள்.

மேக்கப் நாற்காலியில் உட்கார்ந்ததும் அவர் அந்த வெள்ளையை உருவிப் போட்டுவிட்டு, தன் பையிலிருந்து ஒரு பட்டுக் கைக்குட்டையை எடுத்துச் செருகிக்கொண்டார். யாரோ பரிசாகக் கொடுத்தது. கிளிப்பச்சை. டையின் சின்ன நிறத்தை எடுத்துக் காட்ட வேண்டும் என்று அவள் சொல்லி நூறு தடவை கேட்டிருக்கிறார். பாதி பேச்சை மட்டும் காதில் வாங்கினால் இப்படித்தான்.

பன்னிரண்டு நிமிஷம். செய்தி சாரின் நெஞ்சில் ஒரு ஓட்டை, ஓட்டைக்குள் கடல், கடல்மேல் சுழன்றுகொண்டு மேகம். "பொதுமக்கள் அச்சப்படத் தேவையில்லை" என்று அவர் சொன்ன நேரத்தில் புயலின் கண் சரியாக அவர் மேல்பையில் வந்து நின்றது. காதுக் கருவியில் கன்ட்ரோல் ரூமே கத்தியது. அவர் டையைச் சரிசெய்துகொண்டு மேலே வாசித்தார். செய்தி முடிவதற்குள் துண்டுப் படம் ஊரெல்லாம் சுற்றிவிட்டது. 'புயல் சாரோட பாக்கெட்ல கரையைக் கடந்துச்சு' என்று ஒருவன் எழுதினான். 'பர்ஸ் நனைஞ்சுதான்னு கேட்டுச் சொல்லுங்க' என்றான் இன்னொருவன்.

இன்று காலை மேனேஜர் அவளைக் கூப்பிட்டு, டைப் அடித்த ஒரு தாளை நீட்டினார். 'என் கவனக்குறைவால் பச்சை நிறக் கைக்குட்டையை வைத்துவிட்டேன். மன்னிக்கவும்.' கீழே அவள் பெயர், பெயருக்கு மேலே கையெழுத்துக்கு இடம்.

"நான் வைக்கல சார்."

"நீங்கதான் வச்சீங்கன்னு சார் சொல்றாரும்மா."

"அவரைக் கூப்பிட்டு என் முன்னாடி சொல்லச் சொல்லுங்க."

"அவரைக் கூப்பிட்டு விசாரிக்கிற இடத்துலயா நான் இருக்கேன்? போட்டுக் குடுங்க, ஒரு வார்னிங்கோட முடிஞ்சுரும். சாயங்காலம் செய்திக்கு முன்னாடி வேணும். போடலேன்னா நாளைக்கு நீங்க வர வேண்டியதில்லை."

அவள் தாளை வாங்கிக்கொண்டு நேரே மேக்கப் அறைக்குப் போனாள். அங்கே வேலை பார்ப்பவனுக்கு நாற்பது வயது. அவளுக்குத் தம்பி முறை வைத்துத்தான் பேச்சு.

"தம்பி, நேத்து நீ பக்கத்துலதானே நின்ன. அவர் மாத்தினதைப் பார்த்தல்ல?"

"நான் மூக்குக்குப் பவுடர் போட்டுட்டு இருந்தேங்க்கா."

"மூக்குக்கும் பாக்கெட்டுக்கும் ஒரு முழம் இருக்குமா?"

"அக்கா... எனக்கு ரெண்டு பிள்ளைங்க."

"பிள்ளைங்க பொறந்தா கண்ணு அவிஞ்சுருமா?"

அவன் தூரிகைகளைக் கழுவ ஆரம்பித்தான். ஏற்கெனவே கழுவின தூரிகைகள்.

கணவருக்குப் போன் போட்டாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். ஏதோ ஒரு கட்டடத்தில் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றபடி பேசினார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"ஒரு கையெழுத்துதானே, போட்டுத் தொலைச்சுட்டு வா. வேலையாவது மிஞ்சும்."

"நீங்க பார்த்துட்டு வந்த லிஃப்ட்டோட கயிறை வேற எவனோ அறுத்துட்டுப் போறான். கவனக்குறைவால் நான் அறுத்துட்டேன்னு நீங்க போடுவீங்களா?"

இரும்பில் ஏதோ உரசியது.

"போட மாட்டேன்."

"பின்ன எனக்கு மட்டும் என்ன புத்தி சொல்றீங்க?"

"சரி, தெரியாம சொல்லிட்டேன். என்ன வேணா பண்ணு. அடுப்பு எரியாமலா போயிரும்?"

டைப் அடித்த தாளை இஸ்திரி மேசையில் குப்புறப் போட்டாள். தன் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதினாள். எழுதும்போது ஊசியைப் பிடிப்பது போலவே பேனாவை நுனியில் பிடித்திருந்தாள். 'நேற்று மாலை ஆறு நாற்பதுக்கு நான் உடுத்தி அனுப்பியது: கருநீலக் கோட்டு ஒன்று, முதுகில் கிளிப் மூன்று. வெள்ளைச் சட்டை. மெரூன் டை, ஒற்றை முடிச்சு. பையில் வெள்ளைப் பருத்திக் கைக்குட்டை, டீத்தண்ணீரில் நனைத்தது, நேர் மடிப்பு. பச்சை நான் வைத்ததல்ல. இந்த அறையில் பச்சைக் கைக்குட்டை கிடையாது. யார் வேண்டுமானாலும் வந்து தேடலாம்.' கையெழுத்துப் போட்டு, தேதி போட்டாள். பிறகுதான் ஊசியைக் கையில் எடுத்தாள்.

நான்காவது ஓரம் முடிந்தபோது மணி ஆறேகால். மங்கலான நீலப் பருத்தி. ஓரத்தைச் சுற்றிக் கண்ணை ஓட்டினாள். ஒரு தையலும் வெளியே தெரியவில்லை. கம்பியில் இன்றைக்கு எடுத்து வைத்த கரிச்சாம்பல் கோட்டு, நீலக் கோடு ஓடும் வெள்ளைச் சட்டை, அடர்சிவப்பு டை. டையில் கடுகு கடுகாக மஞ்சள் புள்ளி. மஞ்சளை எடுத்தால் வாசிப்பவரைவிடப் பையே அதிகம் பேசும். சட்டைக் கோட்டின் நீலம்தான் சரி என்று நேற்றே முடிவு செய்திருந்தாள். இந்த மனிதன்மேல் வந்த கோபத்துக்காக அந்த முடிவை மாற்றவில்லை. கோபம் அவர்மேல். நீலத்தின்மேல் என்ன கோபம்?

செய்தி சார் வந்தார். ஒன்றுமே நடக்காதவர் மாதிரி கைகளை விரித்துக்கொண்டு நின்றார். அவள் கோட்டை மாட்டிவிட்டாள், பின்னால் போய்க் கிளிப் போட்டாள். இந்தக் கோட்டுக்கு வழக்கமாக இரண்டு போடும் இடத்தில் நான்கு போட்டாள்.

"அக்கா, இறுக்குது."

"இறுக்கட்டும் சார்."

அவர் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தார். குரலைத் தணித்துக்கொண்டார்.

"மேனேஜர் சொன்னார். நீங்க இதைப் பெரிசா எடுத்துக்காதீங்கக்கா. நான் வெளியே தலைகாட்ட முடியல. என் முகம் எல்லாருக்கும் தெரியும். உங்க பேர் யாருக்குத் தெரியும்? நீங்க போட்டா உங்களுக்கு ஒண்ணும் குறையப் போறதில்ல."

அவள் கை டை முடிச்சில் இருந்தது. முடிச்சை மேலே ஏற்றினாள். தேவைக்கு மேல் ஒரு நூல் ஏற்றினாள்.

"என் பேர் எனக்குத் தெரியும் சார்."

கதவில் மேனேஜர் நின்றார். "ஆச்சாம்மா?" என்று கையை நீட்டினார். அவள் தன் தாளைக் கொடுத்தாள். அவர் படித்தார். புருவம் ஏறியது.

"என்னம்மா இது, சலவைக்குப் போட்ட சீட்டு மாதிரி இருக்கு? நான் குடுத்தது எங்க?"

"அது நீங்க எழுதினது. நீங்களே வச்சுக்குங்க." குப்புறக் கிடந்த தாளை எடுத்து அவர் கையில் வைத்தாள். "நான் செஞ்சதை நான் எழுதியிருக்கேன். செய்யாததை எழுதத் தெரியாது. நாளைக்கு வர வேண்டாம்னா சொல்லுங்க, கெட்டிலை எடுத்துட்டுப் போயிடறேன். அது என் காசு. ஆனா போறவ இதைச் சொல்லிட்டுத்தான் போவேன். பதினேழு வருஷம் இந்தக் கையால உடுத்தி அனுப்பியிருக்கேன். ஒரு நாள் ஒரு பொத்தான் தொங்கியிருக்கா? ஒரு மடிப்பு சாய்ஞ்சிருக்கா? அவர் ஆசைக்கு அவர் செருகிக்கிட்டதுக்கு நான் மன்னிப்புக் கேக்கணுமா? யார்கிட்ட? புயல்கிட்டயா?"

அவள் குரல் தாழ்வாரம் வரை போயிருக்க வேண்டும். கதவுக்கு அந்தப் பக்கம் இரண்டு மூன்று தலைகள் தெரிந்தன. மேக்கப் தம்பி பவுடர் டப்பாவோடு வந்து நின்றான். அவனுக்கு வேர்த்திருந்தது.

"சார்," என்றான் மேனேஜரைப் பார்த்து. டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, அவர் கையிலிருந்த அவளுடைய தாளைப் பிடுங்காத குறையாக வாங்கி, மேசையில் கிடந்த பேனாவால் அடியில் எழுதினான். 'நானும் பார்த்தேன். சார்தான் மாற்றினார்.' எழுதிவிட்டு, "பவுடர் போட்டுட்டு இருந்தேன், இல்லேங்கல. கண்ணையா மூடியிருந்தேன்?" என்றான் யாரையும் பார்க்காமல்.

"இவ்வளவு நேரம் எங்கடா போயிருந்த?" என்றாள் அவள். நன்றி சொல்லும் குரலில் சொல்லவில்லை. காலையில் அவன் கழுவின தூரிகைகளை அவள் இன்னும் மறக்கவில்லை.

மேனேஜர் செய்தி சாரைப் பார்த்தார். "சார்?"

செய்தி சார் கண்ணாடியைப் பார்த்தார். "நேரமாச்சு," என்றார்.

மேனேஜர் டைப் அடித்த தாளை நான்காக மடித்துத் தன் சட்டைப்பையில் திணித்துக்கொண்டார். மடிப்பு கோணல், ஒரு முனை வெளியே துருத்திக்கொண்டு நின்றது. மற்ற நாளாக இருந்தால் அவள் கையை நீட்டிச் சரிசெய்திருப்பாள். இன்று கிடக்கட்டும் என்று விட்டாள். "உங்க லெட்டரை ஃபைல்ல வைக்கிறேன். நாளைக்கு வாங்க," என்று அவர் கதவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

"அக்கா, அஞ்சு நிமிஷம்தான் இருக்கு," என்று ஸ்டுடியோவிலிருந்து ஒரு குரல்.

அவள் நீலத்தை எடுத்தாள். மேசையில் விரித்துக் குறுக்கே மடித்தாள், மறுபடி மடித்தாள், இரண்டு முனைகளும் ஒன்றுக்கு ஒன்று அரை விரல் தள்ளி நிற்கும்படி நகர்த்தினாள், அடியை உள்ளே மடக்கினாள், இஸ்திரியின் நுனியால் ஒரே ஒரு ஒற்று. வழக்கமாக இதற்கு அடுத்தது அவள் கை நேரே அவருடைய மேல்பைக்குப் போகும். செய்தி சார் பழக்கத்தில் நெஞ்சை நிமிர்த்திக் காத்திருந்தார்.

கை போகவில்லை.

"வைங்கக்கா."

"கையை நீட்டுங்க சார்."

"என்ன?"

"இனிமே இந்தப் பாக்கெட்டுக்குள்ள என் கை வராது. மடிச்சுத் தருவேன். எல்லாரும் பார்க்க நீங்களே வச்சுக்கணும். நாளைக்கு அங்க கடல் வந்தாலும் சரி, காடு வந்தாலும் சரி, யார் வச்சதுன்னு யாரும் என்னைக் கேக்கக் கூடாது."

கதவுக்கு வெளியே நின்றவர்கள் நகரவில்லை. அவர் சுற்றிலும் பார்த்தார். பிறகு வலது உள்ளங்கையை மெதுவாக நீட்டினார். அவள் மடிப்புக் கலையாமல், முனைகள் மேலே பார்க்க, நீலத்தை அதில் வைத்தாள்.