செருப்படியில் முளைத்த காடு

அன்று புளியமரத்தடியில் நின்றவர்கள்: நான். என் வீட்டுக்காரி. பூசாரி. புதுக்கோட்டையிலிருந்து வந்த காலேஜ் டீச்சர். கரண்டு லைன் அளக்க வந்த இன்ஜினியர்.

பேர் எழுதவில்லை. எங்கள் கோயில் காட்டுக்குள் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் சாமி தன்னைத்தான் என்று எழுந்துவிடும். எழுதும்போதும் அப்படியே இருக்கட்டும்.

ஆலங்குடி ரோட்டில் முந்திரித் தோப்பு முடிகிற இடத்தில் அந்தப் புளியமரம். அங்கேயே செருப்பைக் கழற்றிவிட வேண்டும். போன் வந்த பிறகு அதையும் செருப்போடு வைக்கிறோம். அதுவும் கூப்பிடுகிற சாமான்தானே.

உள்ளே வெயில் கிடையாது. வீரை, காயா, பாலை எல்லாம் கோத்துக்கொண்டு நிற்கும். கொடி எது, கிளை எது, தெரியாது. வெளிச்சம் மேலேயே நின்று கொஞ்சம் கொஞ்சமாகச் சொட்டும். காலுக்கடியில் சருகு மெத்தென்று இருக்கும். ஒருவரைக் கூப்பிட வேண்டுமென்றால் பக்கத்தில் போய்த் தோளைத் தொட வேண்டும். எவ்வளவு நேரம் ஆச்சு என்று உள்ளே போனவர்களுக்குத் தெரியாது. நான் தேங்காய் உரிக்கிறவன். நாளெல்லாம் காதில் மட்டை கிழிகிற சத்தம். அது அடங்குகிற இடம் இது ஒன்றுதான்.

வடக்கு மூலையில் ஒரு வீரை மரம். கல்யாணமான மறு வருசம் என் வீட்டுக்காரி அதில் தொட்டில் கட்டினாள். சின்ன மரத்தொட்டில். பிள்ளை இல்லை. தொட்டில் இருக்கிறது.

மாசியில்தான் டீச்சர் முதலில் வந்தார். மரங்களைப் படம் எடுத்தார். கேமராவைப் பூசாரி தடுக்கவில்லை. அது கூப்பிடாது. வெளியே வந்து, புளியமரத்தடியில் உட்கார்ந்து, படங்களைப் போனுக்கு மாற்றி நெட்டில் ஏற்றுவார். ஒரு நாள் எங்களுக்குப் போனில் ஒரு காய்ந்த வீரை இலையைக் காட்டினார். எந்தக் காலத்திலோ நம் பக்கம் பறித்தது. காகிதத்தில் ஒட்டி, கடல் தாண்டி ஒரு பீரோவில் வைத்திருந்தார்களாம். இப்போது அதன் படமும் நெட்டில் இருக்கிறது.

"இந்த எலையையும் உங்க வீரை மரத்தையும் இணைச்சாச்சு. பறவை பாக்குறவங்க எழுதுறது, மேப்பு, எல்லாம் ஒன்னோட ஒன்னு சேத்தாச்சு. அங்கிட்டு ஒருத்தர் எலையத் தொட்டா, இங்கிட்டு உங்க காடு வரும்" என்றார்.

அதற்குப் பிறகு தேங்காய் உரிக்கும்போது நினைப்பு அங்கே போகும். குளிர்கிற ஊரில் யாரோ ஒரு இலையை விரலால் தொடுகிறார். இங்கே தொட்டில் லேசாக ஆடுகிறது.

அப்புறம்தான் இன்ஜினியர் வந்தார். புது மோட்டார் ரூமுக்கு லைன். நேராக இழுத்தால் வடக்கு மூலை போய்விடும்.

"ரோட்டோரமா சுத்தியும் போகலாம். கம்பி கூட ஆகும், மேல கேப்பாங்க. முக்கியமான மரம் நிக்குதுன்னு பதிவு இருந்தாக் காட்டுங்க, நானே மாத்தி எழுதிர்றேன். ரிப்போர்ட் நாளைக்குப் போகணும்" என்றார்.

டீச்சரை வரச் சொன்னோம். பஸ் பிடித்து வந்தார். "எல்லாம் ஏத்தியிருக்கேன் சார். மேப்பத் தொறங்க."

இன்ஜினியர் திறந்தார். பார்த்தார். சிரித்துவிட்டார். "டீச்சர், காட்டுக்குள்ள ஒன்னுமே இல்லைங்களே. மொத்தக் காடும் இந்தப் புளியமரத்தடியிலதான நிக்குது. எல்லாம் உங்க செருப்புலயா மொளச்சுச்சு?"

டீச்சர் குனிந்து பார்த்தார். முகம் செத்துப்போனது. கேமராவுக்கு இடம் தெரியாது. ஏற்றின போன் இருந்த இடத்தையே மேப்பு எழுதிக்கொண்டது.

"மாத்திருங்க."

"மேப்புல மேலருந்து பாத்தா ஒரே பச்சை சார், எது எந்த மரம்னு தெரியாது. ஒவ்வொரு மரத்துக்கிட்டயும் போனோட நிக்கணும்."

"ஒரு கம்பிக்காகச் சாமிய எழுப்பச் சொல்றீங்களா?" என்றார் பூசாரி.

என் வீட்டுக்காரி வடக்குப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

டீச்சர் மெதுவாகக் கேட்டார். "சிம்மக் கழட்டிட்டா என்னங்க? யாரும் கூப்பிட முடியாது. எடம் மட்டும் காட்டும்."

"வைஃபை அது இதுன்னு எதாச்சும் வருமா?"

"வராது பூசாரி" என்றார் இன்ஜினியர். "என்னையவிட வெவரமா இருக்கீங்களே."

"அப்பப் பூக் கேட்டுருவோம்."

பூசாரி வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனி இலையில் மடித்துப் போட்டார். வெள்ளை வந்தால் சம்மதம். என் வீட்டுக்காரியைப் பார்த்து, "எடு ஆத்தா" என்றார். அவள் ஒன்றை எடுத்தாள். பிரிக்கவில்லை.

"பிரி."

பிரித்தாள். நந்தியாவட்டை.

டீச்சர் சிம்மைக் கழற்றி என் செருப்பின் மேல் வைத்தார். இன்ஜினியரும் ஷூவைக் கழற்றிவிட்டுக் கூட வந்தார். உள்ளே பேச்சில்லை. டீச்சர் ஒரு மரத்தடியில் நிற்பார். போன் வெளிச்சம் முகத்தில் விழும். அடுத்த மரத்துக்குப் போவார். தண்ணீருக்குள் நடக்கிற மாதிரி இருந்தது. கடைசியாக வீரை மரம். இன்ஜினியர் என் தோளைத் தொட்டார். தொட்டிலைக் காட்டி, உங்களுதா என்று கையால் கேட்டார். தலையாட்டினேன்.

வெளியே வந்து டீச்சர் சிம்மைப் போட்டார். மேப்பில் புளியமரத்தடியில் குவிந்து கிடந்த புள்ளிகள் ஒவ்வொன்றாகக் காட்டுக்குள் போய் உட்கார்ந்தன. என் வீட்டுக்காரி போனை வாங்கி, கடைசிப் புள்ளியில் விரலை வைத்தாள். மரம் வந்தது. தொட்டிலும் வந்தது.

இன்ஜினியர் வண்டி மேல் வைத்து எழுதினார். லைன் இப்போது ரோட்டோரமாகத்தான் போகிறது.

"வடக்கு மூலையில எத்தனை மரம்னு போட்டீங்க சார்?" என்று அவள் கேட்டாள். "எங்களுதையும் சேத்தா?"

"சேத்துத்தாம்மா. பதினாலு."