மீனாட்சிக்கு ஒரு ஓட்டு

மதுரை கீழமாசி வீதிப் பக்கம் பிறந்த கனகவல்லி, ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். கல்யாணமாகிப் புனேக்கு வந்து இருபத்தைந்து வருஷம் ஓடிவிட்டது. கணவன் மாடசாமிக்குக் கசார்வாடியில் லேத் பட்டறை வேலை. அவள் பட்டறை வாசலில் இட்லிக் கடை போட்டிருந்தாள். முதல் ஈடு இட்லி சாமி படத்துக்குப் போன பிறகுதான் மனுஷருக்கு.

2005 டிசம்பரில் ஒரு காலை. கடைக்கு வாடிக்கையாக வரும் கோயம்புத்தூர்ப் பெண் சுப்ரஜா, கம்ப்யூட்டர் கம்பெனிக்காரி, ஓடிவந்தாள்.

"அக்கா, உலகத்துக்குப் புதுசா ஏழு அதிசயம் தேர்ந்தெடுக்கறாங்க. கம்ப்யூட்டர்லயே ஓட்டுப் போடறதுங்க. உங்கூரு மீனாட்சி கோயிலும் இருக்குது. இன்னைக்கோட முடியுதுங்க!"

கனகவல்லியின் கரண்டி அந்தரத்தில் நின்றது. "நான் போடலாமா தாயி?"

"உங்க பேர்ல ஒரு மெயில் தொடங்கிட்டாப் போச்சு."

மாடசாமி சும்மா விடுவானா? "மீனாட்சியவே எலக்சன்ல நிறுத்திட்டீங்களா? சின்னம் என்ன, கிளியா?"

கோயிலுக்கும் கோட்டைக்கும் ஓட்டு வைக்கலாமா என்று படித்தவர்களே பேப்பரில் அடித்துக்கொள்வதாகச் சுப்ரஜாவும் சொன்னாள். கனகவல்லிக்கும் உறுத்தத்தான் செய்தது. ஆனால் சட்டென்று சொன்னாள்: "ஆத்தா ஜெயிச்சுத்தான் பெரியவளாகணுமா? அந்தக் கல்லைச் செதுக்குனவனை உலகம் பாக்கட்டுமே."

மத்தியானம் சுப்ரஜாவோடு போய், பஸ் ஸ்டாப் பக்கத்துப் பிரௌசிங் சென்டரில் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு உட்கார்ந்தாள். திரையில் கோபுரம் வந்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, மௌஸை அமுக்கினாள். ஓட்டுப் போகவில்லை.

"ஏழு அதிசயத்தையும் தேர்ந்தெடுத்தாத்தான் எடுத்துக்குமாமுங்க" என்றாள் சுப்ரஜா.

கனகவல்லி மௌஸிலிருந்து கையை எடுத்தாள். ஆத்தாவுக்குச் சமமாய் இன்னும் ஆறா? எழுந்து போய்விடலாமா? போனால் ஓட்டும் போச்சு.

"மாவ்ஷி, லவ்கர் கரா!" என்று மராத்தியில் அவசரப்படுத்தினார் சென்டர் கடைக்காரர்.

"தாம்பா, பாவு!" என்று அவரை நிறுத்தினாள். திரையையே பார்த்தாள். பிறகு முகம் மலர்ந்தது. "ஆத்தா தனியாவா ஊர்வலம் போவா? துணைக்கு ஆறு பேரு வரட்டும். ஒவ்வொண்ணாக் காட்டு தாயி."

தாஜ்மஹால் வந்தது. "பொண்டாட்டிக்குக் கட்டினதுல்ல? போடு." சீனத்துப் பெருஞ்சுவர். "எத்தனை முதுகு உடைஞ்சுதோ, போடு, போடு!" எகிப்தின் பிரமிடு. "சமாதியா? செத்தவுகளுக்கும் யாராவது ஓட்டுப் போடணும்ல." கடைக்காரரே நாற்காலியை இழுத்துப் போட்டு அருகில் வந்துவிட்டார். மலை உச்சியில் ஒரு பழைய ஊர், பாறைக்குள் குடைந்த ஒரு அரண்மனை, காட்டுக்குள் ஒரு கோயில். ஏழும் ஆயிற்று.

இந்தத் தடவை ஓட்டுப் போனது. "போயிருச்சு!" கனகவல்லி போட்ட சத்தத்தில் பக்கத்துத் தடுப்பில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"கிளம்பலாங்களா அக்கா?"

அவள் எழுந்திருக்கவில்லை. கண் இன்னும் திரையை விட்டு நகரவில்லை.

"இரு தாயி. இன்னும் அரை மணி நேரம் கணக்குல போடச் சொல்லு. அந்த மலைமேல் இருக்கிற ஊர்ல என்ன சாமி கும்பிட்டாகன்னு பாப்போம்."