வயித்து வலின்னு சொல்லு

எங்க வீட்டுக் கூடத்து உத்தரத்துல தொட்டில் கட்டுற கொக்கி ஒண்ணு இருந்தது. மயிலாப்பூர் மாட வீதியில என் வீட்டுக்காரருக்குப் பாத்திரக் கடை, மேலேயே குடித்தனம். எழுபதுகளோட தொடக்கம். மக அந்தத் தொட்டில்ல தூங்கி எழுந்து நடக்க ஆரம்பிச்ச பிறகும், அடுத்ததுக்கு ஆகும்னு கொக்கியை விட்டு வச்சிருந்தோம்.

மக பொறந்து மூணாவது மாசம் அந்த வலி வந்தது. எங்கேன்னு அப்ப சொல்ல வாய் வரல. இப்பச் சொல்றேன்: ஒண்ணுக்குப் போற வழிக்கும் வெளிக்குப் போற வழிக்கும் நடுவுல, உள்ளே. உக்காந்தா புளியங்கொட்டை மேல உக்காந்த மாதிரி. ஒண்ணுக்குப் போயிட்டு வந்தா அரை மணி நேரம் எரியும். அவர் பக்கத்துல வந்து படுத்தாலே உடம்பு இறுகிக்கும். எழவு, ஒரு சினிமாவை முழுசா உக்காந்து பார்த்ததில்ல.

அவரோட அக்கா, என் மதினி, எங்க கூடத்தான் இருந்தாங்க. பிள்ளை இல்லைன்னு திருநெல்வேலியில புருஷன் வீட்டுலேருந்து திருப்பி அனுப்பிட்டாங்க. சின்ன வயசுல ஏதோ ஆபரேஷனாம், அதைப் பத்தி யாரும் பேசக்கூடாது. எப்பவும் ஒரு தொடையில சாஞ்சுதான் உக்காருவாங்க. திமிருன்னு நெனைச்சேன்.

டாக்டர்கிட்ட பொம்பளைக்காக வீட்டுப் பெரியவங்கதான் பேசுவாங்க, அதான் எங்க வழக்கம். தி.நகர்ல நர்சிங் ஹோம் வாசல்ல மதினி என் காதுல சொன்னாங்க: "ஏட்டி, அந்த எடத்தையெல்லாம் வாயால சொல்லாத. வயித்து வலின்னு சொல்லு, போதும்." உள்ளே போனதும் அதையும் அவங்களே சொல்லிட்டாங்க. டாக்டர் என்னைப் பார்த்து, "அடிவயிறாம்மா?"ன்னார். தலையாட்டினேன். பாவி, தலையாட்டினேன்.

மூணாவது தடவை போனப்ப கர்ப்பப்பையை எடுத்துடலாம்னார். இன்னொரு பிள்ளை வேணும்னு ரெண்டு நாள் அழுதேன். வலி போனாப் போதும்னு மனசைத் தேத்திக்கிட்டேன். அவர் கையெழுத்துப் போட்டார்.

தையல் பிரிச்ச வாரமே வலி திரும்பிடுச்சு. அதே எடம், மயிரிழை நகரல. பிள்ளை இருக்க வேண்டிய எடம் காலி, வலி மட்டும் குடியிருந்தது. மத்தியானம் கூடத்துல தனியா இருக்கறப்ப தொட்டில் ஆடுற சத்தம் கிரீச் கிரீச்னு கேக்கும். நிமிர்ந்து பார்த்தா வெறும் கொக்கி. மக பள்ளிக்கூடத்துலேருந்து வர்ற வரைக்கும் வாசப்படியிலேயே நின்னுக்கிட்டிருப்பேன்.

நாலு வருஷம் கழிச்சு அடையாறுல ஒரு லேடி டாக்டர். மதினி வாயைத் திறக்கறதுக்குள்ள, "நீங்க இருங்க, அவங்க காட்டட்டும்"னாங்க. திரைக்குப் பின்னால படுக்க வச்சு, ஒரே ஒரு விரலை அந்த எடத்துல வச்சாங்க. "அய்யோ, அதேதான்!"னு கத்திட்டேன்.

"இது தசைம்மா. இறுகி இறுகி முடிச்சா நிக்குது. கர்ப்பப்பை ஒரு தப்பும் பண்ணலியே."

வெந்நீர்ல உக்காரணும், மூச்சை ஆழமா விட்டு அந்த எடத்தைத் தளர்த்திப் பழகணும்னாங்க. பழகினேன். வருஷம் திரும்பறதுக்குள்ள பாதிக்கு மேல குறைஞ்சுது. ஆனா அன்னைக்கு என் காதுல நின்னது கர்ப்பப்பை மேல தப்பில்லங்கிற அந்தப் பேச்சு மட்டுந்தான்.

திரும்பி வர பஸ்ஸுல வெடிச்சுட்டேன். "உங்க வெக்கத்துக்கு என் பிள்ளையைக் காவு குடுத்துட்டீங்களே மதினி!"

மந்தைவெளி வந்ததும் மதினி ஜன்னலைப் பார்த்துக்கிட்டே சொன்னாங்க: "எனக்கும் அங்கனதான்ட்டி வலிச்சுது. எங்கம்மை வயித்து வலின்னுதான் சொன்னா. எடுத்துட்டாவ. இன்னமும் வலிக்கி."

அப்பத்தான் பார்த்தேன், ரெண்டு பேரும் ஒரே சீட்டுல, ஒரே மாதிரி, ஒரு தொடையில சாஞ்சு உக்காந்திருந்தோம்.