மச்சான் முகமும் இரண்டு கேமராவும்

அன்று சிதம்பரம் மாவு மில்லில் இருந்தவர்கள்.

என் மச்சான். மில் அவருடையது. என் மனைவிக்கு அண்ணன்.

என் மனைவி.

எங்கள் மகள். நாலு வயது.

பரங்கிப்பேட்டை பாய். இரண்டு கேமராவும் அவருடையவை.

மிளகாய் அரைக்க வந்த ஒரு அம்மா. கையில் எவர்சில்வர் டப்பா.

நான். உள்ளே இல்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் பெட்டிக்கடை நிழலில் நின்றேன். அதையும் இருந்ததாகத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஏன் அங்கே நின்றேன் என்று சொல்கிறேன்.

நான் கடலூரில் பேனர் கட்டுகிறவன். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீர், கண்ணீர் அஞ்சலி, எதுவானாலும் சவுக்குக் கழி நட்டு, சட்டத்தை ஏற்றி, கயிறு போடுவது என் வேலை. ஆறாவதோடு படிப்பு முடிந்தது. பேனரில் இருப்பதைப் படிக்க அது போதும்.

எங்கள் பக்கத்தில் பேனரில் முகம் வருவது லேசான விஷயம் இல்லை. சொந்தக்காரர் எல்லார் முகமும் வர வேண்டும். சித்தப்பா முகம் பெரியப்பா முகத்தைவிடப் பெரிசாக இருக்கக் கூடாது. தாய்மாமன் முகம் எல்லாரையும்விடப் பெரிசு. இதில் தப்பு நடந்தால் இலை போட்டாலும் பந்தியில் உட்கார மாட்டார்கள்.

மகளின் முதல் பிறந்தநாளுக்குப் பத்துக்கு எட்டு பேனர் வைத்தோம். நானே கட்டினேன். மச்சான் படம் வாட்ஸப்பில் வந்தது. யார் கல்யாணத்திலோ கூட்டத்துக்குப் பின்னால் நின்ற படம். பேனர் கடையில் தலையை மட்டும் வெட்டி எடுத்து இரண்டடிக்கு இழுத்தார்கள். சதுரம் சதுரமாக வந்தது. மூக்கு நாலு சதுரம். மீசை ஆறு. மேலே ஏறி நிற்கிறவனுக்கு முகம் தெரியாது. கயிறுதான் தெரியும். இறங்கின பிறகும் நான் பார்க்கவில்லை. அது என் தப்பு.

மச்சான் சீர்த் தட்டோடு வந்தார். பேனருக்குக் கீழே நின்றார். ரொம்ப நேரம் நின்றார்.

"இது யாரு?" என்றார்.

"நீங்கதான் மச்சான்."

"நானா. கோரப்பாய் முடையறதுக்குக் கட்டம் போட்ட மாதிரி இருக்குது."

தட்டை வாசலில் வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டார். மூன்று வருஷம் பேச்சு இல்லை. என்னோடு மட்டும்தான். தங்கையோடு போனில் பேசுவார். நான் எடுத்தால் வைத்துவிடுவார்.

இப்போது மகளுக்குக் காது குத்த வேண்டும். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவது. மடி இல்லாமல் காது இல்லை. மனைவி போன் போட்டாள். ஸ்பீக்கரில் வைத்தாள்.

"வரேன். பேனர்ல என் மூஞ்சி மூஞ்சியா இருந்தா வரேன்," என்றார் மச்சான். "இல்லாட்டி அந்தக் கட்டத்து மடியிலயே உக்கார வச்சிக் குத்திக்கட்டும் உன் வூட்டுக்காரரு."

"நல்ல போட்டோவா ஒண்ணு அனுப்புண்ணே."

"அனுப்ப மாட்டேன். அனுப்பினா என்னா ஆவும்னு பார்த்துட்டேன்."

போனை வைத்தாள். என்னைப் பார்த்தாள்.

அந்த வாரம்தான் பரங்கிப்பேட்டை பாய் வந்தார். வெளிநாட்டில் வேலை. ஒரு மாத லீவு. அவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் பேனர் கட்டப் போனதில் பழக்கம். இரண்டு கேமரா கொண்டுவந்திருந்தார். இரண்டும் சட்டைப் பையில் போகும். ஒன்று அவருக்கு, இன்னொன்று அவருடைய மச்சானுக்கு. எது யாருக்கு என்று அவருக்கே தெரியவில்லை.

"ரெண்டையும் மோத வுட்டுப் பாப்போம்ண்ணே. ஜெயிச்சது எனக்கு."

"தோத்தது?"

"மச்சானுக்கு. அவனுக்கு அதுவே ஜாஸ்தி."

என் மச்சான் கதையைக் கேட்டுவிட்டு, ஜெயித்த கேமராவில் அவர் முகத்தை எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

எனக்குக் கேமரா தெரியாது. பாய் விளக்கினார். உள்ளே சென்சார் என்று ஒன்று இருக்கிறதாம். வெளிச்சம் வந்து விழுகிற இடம். அது பெரிசாக இருந்தால் முகம் கெடாமல் வருமாம்.

"மழை பெய்யுதுன்னு வச்சிக்கங்க. ஒருத்தன் சொம்பு வைக்கறான். ஒருத்தன் அண்டா வைக்கறான். இந்தக் கேமரா சொம்பு. அந்தக் கேமரா அண்டா. மூணு மடங்கு பெருசு."

"என் போனு?"

"கொழந்தைக்கு மருந்து ஊத்தற பாலாடை."

அன்றிலிருந்து அவற்றுக்கு அதுதான் பெயர். சொம்பு. அண்டா.

சொம்பில் பொத்தானைத் தள்ளினால் லென்ஸ் ஆமைத் தலை மாதிரி வெளியே வரும். தூரத்தில் இருப்பது கிட்டே வந்துவிடும். அண்டாவில் அது கிடையாது.

"அப்ப தூரத்துல இருக்கறவன எப்படி எடுக்கறது?" என்றேன்.

"நடந்து போவணும்."

சொம்புதான் ஜெயிக்க வேண்டும் என்று அந்த நிமிஷமே நினைத்துவிட்டேன். சொம்பு என்றால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று மச்சானை எடுத்துவிடலாம். அண்டா என்றால் மூன்று வருஷம் பேசாத மனிதர் முகத்துக்கு மூன்றடியில் போய் நிற்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனோம். மகள்தான் மார்க் போட்டாள். ஜெயிக்கிற பக்கத்துக்கு ஒரு கிளிஞ்சல்.

முதலில் கடலில் ஒரு படகு. சொம்பில் படகின் நம்பரைப் படிக்க முடிந்தது. அண்டாவில் படகு எறும்பு. சொம்புக்கு ஒரு கிளிஞ்சல்.

அடுத்தது என் முகம். சொம்பில் நான் நன்றாக இருந்தேன். அண்டாவில் தாடி முள் ஒவ்வொன்றும் தனித்தனியாக இருந்தது. "அப்பா மூக்குல மண்ணு," என்றாள் மகள். தொட்டுப் பார்த்தேன். இருந்தது. அண்டாவுக்கு ஒன்று.

பிறகு என் மனைவி அண்டாவை வாங்கினாள். பாய் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் கொண்டுபோய் அழுத்தினாள். பாய்க்கு மூக்கு முன்னால் வந்து, காது இரண்டும் பின்னால் போய்விட்டன. பாய் பார்த்தார்.

"இத அப்பவே காட்டியிருந்தா எனக்குப் பொண்ணு குடுத்துருக்க மாட்டாங்க," என்றார்.

மனைவி மணலில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு நிற்கவில்லை. குதிரைக்காரர் குதிரையை நிறுத்தி என்ன என்று கேட்டார். அவரிடமும் காட்டினோம். அவரும் உட்கார்ந்தார். ரொம்பக் கிட்டே போனால் அண்டா மூக்கை இழுத்துவிடும். சொம்புக்கு இன்னொன்று.

பதினோரு மணிக்கு அண்டாவில் சார்ஜ் தீர்ந்தது. சொம்பில் பாதி இருந்தது. சொம்பு மூன்று, அண்டா ஒன்று. எனக்கு ரொம்ப சந்தோஷம். எல்லாருக்கும் சுண்டல் வாங்கிக் கொடுத்தேன்.

மறுநாள் மஞ்சக்குப்பத்தில் பேனர் கடைக்குப் போனோம். அங்கே டிசைன் செய்கிற பொண்ணு கம்ப்யூட்டரில் இரண்டு படத்தையும் பேனர் அளவுக்குப் பெரிசாக்கினாள்.

"வெயில்ல எடுத்தா ரெண்டும் ஒண்ணுதான்ணே. ஆனா நீங்க எடுக்கப் போறது மில்லு உள்ள. இருட்டுல எடுத்துக் காட்டுங்க, சொல்றேன்."

சட்டம் அடுக்கி வைக்கிற பின் அறையில் போய் மறுபடி என் முகத்தை எடுத்தோம். சொம்புப் படம் ரவை தூவின மாதிரி வந்தது. அண்டாப் படம் மைதா.

"அண்டாதான்," என்றாள் அந்தப் பொண்ணு. "இதுக்கு ரெண்டு மார்க் போடுங்க." மகள் இரண்டு கிளிஞ்சல் வைத்தாள். மூன்றுக்கு மூன்று.

கடைசி ஆட்டம் சிதம்பரத்தில்.

பஸ்ஸில் போனோம். மில்லுக்குப் போக ஒரு சாக்காக மனைவி இரண்டு கிலோ கோதுமை எடுத்துக்கொண்டாள். மில்லுக்குக் கொஞ்சம் முன்னாலேயே நான் பாயிடம் சொம்பைக் கேட்டு வாங்கினேன்.

"நீங்க உள்ள போங்க. நான் இங்கேர்ந்து எடுத்துடறேன்."

பாய் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அண்டாவை எடுத்துக்கொண்டு மனைவி, மகளோடு உள்ளே போனார்.

பெட்டிக்கடை நிழலில் நின்று பொத்தானைத் தள்ளினேன். ஆமைத் தலை வெளியே வந்தது. மச்சான் முகம் கிட்டே வந்தது. மூன்று வருஷத்தில் மீசை நரைத்திருந்தது. அல்லது மாவா, தெரியவில்லை. அழுத்தினேன். டவுன் பஸ் குறுக்கே போனது. பஸ் படம். மறுபடி அழுத்தினேன். மாடு. மறுபடி. தண்ணீர் கேன் வண்டி. மூன்றும் ரொம்பத் தெளிவு.

நாலாவது தடவை மச்சான் நேராக என்னைப் பார்த்தார்.

"மாப்ள."

மூன்று வருஷம் கழித்து முதல் வார்த்தை.

"ரோட்டுக்கு அந்தாண்ட நின்னு குருவியா சுடற?"

ரோட்டைத் தாண்டிப் போனேன். "போட்டோ மச்சான்," என்றேன்.

"போட்டோன்னா கிட்ட வந்து எடு. தூரத்துல எடுத்ததத்தான் இழுத்து இழுத்து என்ன கட்டம் கட்டினீங்க."

பாய் அண்டாவை என் கையில் கொடுத்தார். சொம்பைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு மூன்றடியில் நின்றேன். மச்சான் ஆதார் கார்டுக்கு உட்கார்ந்தது போல விறைத்துக்கொண்டார்.

"சிரிங்க மச்சான்."

"எதுக்கு?"

நான் கேமராவைக் கண்ணுக்கு நேராகப் பிடித்தேன்.

மிளகாய் அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "மச்சானும் மாப்ளயும் மூஞ்சிய பார்த்துக்கினே நில்லுங்க. என் மொளகாய எப்ப அரைக்கறது?"

மச்சான் முகத்தைத் திருப்பாமலே கையை நீட்டி மிளகாயைக் கொட்டினார். மெஷினைப் போட்டார்.

முதலில் மகள் தும்மினாள். பிறகு பாய். பிறகு மனைவி. பிறகு அந்த அம்மாவே தும்மினார். பிறகு நான். நான் தும்மினால் ஒன்றோடு நிற்காது. விரல் பொத்தானில் இருந்தது. ஒவ்வொரு தும்மலுக்கும் ஒரு படம். கூரை. என் செருப்பு. எவர்சில்வர் டப்பா. பாயின் வாய். இருபது வருஷம் மில்லில் நின்ற மச்சானுக்கு மட்டும் தும்மல் வராது. எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு நின்றார். உதடு ஆடியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நான் கேமராவைத் தூக்கி மறுபடி தும்மினேன். தும்மிக்கொண்டே, "சிரிங்க மச்சான்," என்றேன்.

அவர் மெஷினைப் பிடித்துக்கொண்டார். வயிற்றைப் பிடித்துக்கொண்டார். சிரிப்புச் சத்தம் மெஷினைத் தாண்டிக் கேட்டது.

மெஷினை நிறுத்தின பிறகு எல்லாரும் வாசலுக்கு வந்து படங்களைப் பார்த்தோம். கூரை, செருப்பு, டப்பா எல்லாம் போய், ஒன்றில் மச்சான் இருந்தார். வாய் திறந்து. புருவத்தில் மாவு. நரைத்தது மீசைதான்.

பாய் அதைப் பெரிசாக்கினார். இன்னும் பெரிசாக்கினார். ஒரு சதுரம்கூட வரவில்லை.

"இது யாரு?" என்றார் மச்சான்.

"நீங்கதான் மச்சான்."

கேமராவைக் கையில் வாங்கினார். வாய்க்குள் பார்த்தார். உதடு அசையப் பல்லை எண்ணினார். எத்தனை என்று சொல்லவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டு, கோதுமையை அரைத்து, பையை என் கையில் கொடுத்தார். தங்கை பக்கத்தில்தான் நின்றாள். என் கையில்தான் கொடுத்தார்.

சொம்பின் லென்ஸ் பாதியில் நின்றுவிட்டது. மாவும் மிளகாயும் உள்ளே போயிருந்தன. பாய் ஊதினார். கரகர என்றது. ஆமைத் தலை உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

"அண்டா ஜெயிச்சிடிச்சி," என்றேன். "சொம்பு உங்க மச்சானுக்கா பாய்? அதுக்குள்ள அரைப்படி மாவு இருக்குது."

"சொம்பு எனக்கு. துடைச்சி வச்சிக்கறேன். அண்டா மச்சானுக்கு."

"ஜெயிச்சது உங்களுக்குன்னீங்க."

"மச்சான் பேசாம போனா மூணு வருஷம் ஆவுதுன்னு இப்பத்தான் பார்த்தேன். எனக்கு லீவு ஒரு மாசம்தான்ணே."

காதுகுத்து கடலூர் முதுநகரில் ஒரு சின்ன மண்டபத்தில். காலையிலேயே மண்டப வாசலில் பேனர் ஏற்றினேன். மச்சான் முகம் மட்டும் நாலடி. கட்டி முடித்து இறங்கினேன். இந்தத் தடவை ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தேன். திரும்பி வந்து கீழே நின்றும் பார்த்தேன்.

மச்சான் சீர்த் தட்டோடு வந்தார். பேனருக்குக் கீழே நின்றார். ரொம்ப நேரம் நின்றார். நான் கயிற்றுச் சுருளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மனைவி மண்டப வாசலில் நின்றாள். காது குத்துகிற ஆசாரி உள்ளே உட்கார்ந்திருந்தார், கம்மலோடு.

தட்டைக் கீழே வைத்தார்.

மகளைக் கூப்பிட்டுத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டார்.

"மாமா பல்ல எண்ணு."

அவள் விரலை நீட்டி எண்ணினாள். "ஒம்போது, பத்து. அதுக்கு மேல தெரியாது மாமா."

"நான் எண்றேன். பதினொண்ணு, பன்னெண்டு." முடித்தார். என் பக்கம் திரும்பினார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"பதினாறுதான் வருது. மில்லுல பார்த்தப்ப ஒண்ணு ஜாஸ்தி இருந்திச்சே. எங்க மாப்ள அது?"

ஓடிப் போய்ப் பார்த்தேன். கீழ்ப் பல் வரிசை ஓரத்தில் என் கயிறு குறுக்கே ஓடியது. ஏணியைச் சாய்த்து ஏறினேன். முடிச்சை அவிழ்த்து, கயிற்றை ஒரு சாண் தள்ளி மறுபடி கட்டினேன். மேலே இருந்து எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கீழே மச்சான் முதலிலிருந்து எண்ணுவது கேட்டது. மகளும் பத்து வரைக்கும் கூடவே சொன்னாள். ஏணியிலேயே நின்று காத்திருந்தேன்.

பதினேழு.