மெஷின் பக்கத்தில் ஒரு ஜோடி செருப்பு

போன வருடம் ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மண்ணூர் பக்கத்தில் ஒரு லைன் வீட்டுக்கு வயரிங் டெஸ்ட் பண்ணப் போயிருந்தேன். அந்த வேலையில் நான் சேர்ந்த புதிது.

நான் எலக்ட்ரிக்கல் டிப்ளமோ படித்தவள். வார நாட்களில் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் கன்ட்ரோல் பேனல் லைனில் வேலை. மகன் கல்லூரியில் சேர்ந்ததும் வீட்டில் கை கொஞ்சம் இறுகியது. லைசென்ஸ் வைத்திருக்கும் தெரிந்த கான்ட்ராக்டர் ஒருவர், "ஞாயித்துக்கெழம மட்டும் வாம்மா, வீடுங்களுக்குப் போய் வயரிங் செக் பண்ணி ரிப்போர்ட் குடுத்தா போதும்" என்றார். சரி என்று விட்டேன். மீட்டர், டெஸ்டர் எல்லாம் பையில் எடுத்து வைத்துக்கொண்டு குன்றத்தூரில் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது என் வீட்டுக்காரர், "நம்ம வூட்டு பாத்ரூம் பல்பு எரிஞ்சி எவ்ளோ நாளாவுது? மேடம் ஊருக்கு இன்ஸ்பெக்‌ஷன் கெளம்பிட்டாங்க" என்று வம்புக்கு இழுத்தார். அவரை முறைத்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

கம்பெனி வேலைக்கு வந்தவர்களுக்காக வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்ட வீடுகள் அவை. ஓனர் போனில், "எல்லா வூட்டையும் ஒரு தபா பாத்துடுங்க மேடம், குடியிருக்கறவங்க பயப்படறாங்க" என்று மட்டும் சொல்லியிருந்தார். எதற்குப் பயம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

முதல் வீட்டில் ஃப்ரிட்ஜ் முன்னால் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கிடந்தது. அடுத்த வீட்டில் கிரைண்டர் பக்கத்தில் கிடந்தது. இது நம் வீடுகளில் புதிதில்லை. தொட்டால் சுர்ரென்று இழுக்கிறதா, செருப்பைப் போட்டுக்கொண்டு தொடு, அவ்வளவுதான். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட யாருக்கும் தோன்றாது. வீட்டுக்கு வரும் விருந்தாளிக்கும் இதையே சொல்லிக் கொடுப்போம். இந்த ஜனங்களைத் திருத்தவே முடியாது என்று நினைத்துக்கொண்டே குறித்துக்கொண்டு போனேன்.

கடைசி வீட்டில் கதவைத் திறந்தவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். ஷிஃப்ட் முடித்து வந்த கம்பெனி டி-ஷர்ட்டோடு இருந்தார். "வாங்க மேடம்" என்றதோடு சரி. பின்பக்கம் துணி துவைக்கும் இடத்தில் ஒரு வாஷிங் மெஷின், பழைய போர்வை போர்த்தியிருந்தது. அதை ஒட்டி இரும்புத் தண்ணீர்க் குழாய். வீட்டுக்குள் ஷூவோடு போக எனக்கு மனசு வராது. அதற்காகவே நின்று வேலை பார்க்கப் பையில் ஒரு ரப்பர் பாய் வைத்திருப்பேன். பாயை விரிக்கக் குனிந்தபோது பின்னால் ஒரு சின்னக் குரல்.

"ஆன்ட்டி, தொடாதீங்க."

ஏழெட்டு வயதுப் பெண் குழந்தை. கையில் நீல வார் வைத்த செருப்பு, பெரியவர்கள் போடும் அளவு. அதை என் காலருகே ஜோடியாக வைத்து, "இத்த போட்டுகினு தொடுங்க" என்றாள். உடனே உள்ளே ஓடிவிட்டாள். அவள் வெறுங்காலோடு இருந்தாள்.

இதைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்கா சைகை காட்டி என்னைத் தன் பக்கம் கூப்பிட்டார்.

"அது அவங்க அம்மா செருப்பு மேடம். இந்த மெஷின்லதான் கரண்டு அடிச்சி போயிட்டா. ரெண்டு மாசம்கூட ஆவல. அன்னிக்கின்னு பாத்து புள்ள அம்மா செருப்ப மாட்டிகினு கடைக்கிப் போயிருந்துச்சி. சாவுக்கு வந்தவங்க எல்லாம், 'கால்ல செருப்பு மட்டும் இருந்திருந்தா பொழச்சிருப்பா'ன்னு அது காதுபடவே பேசனாங்க. அதுலருந்து இது செருப்பே போடறதில்ல. ஒரு சொட்டு அழவும் இல்ல மேடம்."

பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடலாமா என்றுதான் முதலில் தோன்றியது. ஆனாலும் ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. அந்தப் பெண் எப்படி விழுந்து கிடந்தார் என்று கேட்டேன்.

"எங்க வுழுந்தா? ஒரு கை மெஷின் மேல, ஒரு கை கொழாயப் புடிச்சபடி அப்டியே நின்னுகினு இருந்தா. நான்தான் ஓடிப்போயி மெயின ஆஃப் பண்ணேன். அப்புறந்தான் சாஞ்சா" என்று சொல்லிவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

திரும்பி வந்து ரப்பர் பாய் மேல் நின்றுகொண்டு, மெஷின் பிளக்கை மாட்டி டெஸ்ட் பண்ணினேன். மெஷின் உடம்பெல்லாம் கரண்ட் இறங்கியிருந்தது. அதை மண்ணுக்குக் கொண்டுபோக வேண்டிய எர்த் ஒயர் என்ன ஆனது என்று தேடினேன். ஹாலிலிருந்து ஒரு ஒயர் இழுத்து, அதன் முனையில் சின்ன ஸ்விட்ச் பாக்ஸ் மாட்டியிருந்தார்கள். மெயினை அணைத்துவிட்டு அந்தப் பாக்ஸைத் திறந்தேன். வெளியே மூன்று ஓட்டை இருந்தது. உள்ளே இரண்டே ஒயர்தான். மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை.

குழந்தையின் அப்பா என் பின்னால் வந்து நின்றிருந்தார். "மேடம், ஒண்ணு கேக்கட்டா? செருப்பு போட்டிருந்தா அவ பொழச்சிருப்பாளா?"

அந்தக் கேள்வியை அவர் என்னிடம் கேட்டிருக்கவே வேண்டாம். கதவுத் திரைச்சீலைக்குக் கீழே இரண்டு சின்ன வெறுங்கால்கள் தெரிந்தன. இல்லை என்று சொன்னால், பிறகு எதனால் என்று கேட்பார். அந்தப் பதில் யாரைப் போய்க் குத்தும் என்று எனக்கு ஓரளவு புரிந்திருந்தது. சொல்லாமல் போனால், அந்தப் பிஞ்சு ஆயுசுக்கும் அதைச் சுமக்கும். திரைச்சீலைக்குப் பின்னால் கேட்கட்டும் என்றே சத்தமாகச் சொன்னேன்.

"இல்லைங்க. செருப்பு போட்டிருந்தாலும் காப்பாத்தியிருக்காது. ஒரு கை மெஷின்ல, ஒரு கை குழாய்ல இருந்திருக்கு. கரண்ட் ஒரு கையில ஏறி இன்னொரு கை வழியா போயிடுச்சி. காலுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

"அப்போ எதனால மேடம்?"

பாக்ஸைக் காட்டினேன். எர்த் ஒயர் இல்லாததைச் சொன்னேன். கரண்ட் கசிந்தால் தானாக அணைத்துவிடும் ட்ரிப்பரும் மெயின் போர்டில் இல்லை, அதை வைக்க வேண்டியது ஓனர் பொறுப்பு என்றும் அவசரமாகச் சேர்த்துச் சொன்னேன். அது அவர் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை.

"இந்த ஒயர நான்தான் இழுத்தேன். இங்க பிளக் பாயின்ட் கெடையாது. வாளி வாளியா தொவச்சி அவளுக்கு கையெல்லாம் புண்ணா பூட்சின்னு மெஷின் வாங்கனேன். லைட்டு, ஃபேனுக்கெல்லாம் ரெண்டு ஒயர்தான மேடம் போவுது? அதான் ரெண்டு கம்பி ஒயர வாங்கியாந்தேன்." பாக்ஸுக்குள் இருந்த இரண்டு ஒயரையும் விரலால் தொட்டார். "லேசா இழுக்குதுன்னு அவ சொன்னா மேடம். கம்பெனில சேஃப்டி ஷூ இல்லாம லைன் பக்கமே வுட மாட்டாங்க. அந்த நெனப்புலதான் நல்ல ரப்பர் செருப்பா பாத்து வாங்கிக் குடுத்தேன்."

அப்படியே துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்துவிட்டார். செருப்பால் இல்லை என்பதுதான் குழந்தைக்குத் தெரிந்துவிட்டதே, மற்றதைச் சொல்லாமலே அவர் விட்டிருக்கலாம். ஆனால் அவர் எழுந்து போய்த் திரைச்சீலையை விலக்கி, மகளைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்து அந்தப் பாக்ஸைக் காட்டினார்.

"இத்த பாருமா. இதுல மூணு ஒயர் இருக்கணும். அப்பா ரெண்டுதான் போட்டுட்டேன். அப்பாக்குத் தெரியல. இதனாலதான் அம்மா போயிட்டா. அப்பா பண்ண தப்பு."

அவள் குனிந்து பாக்ஸுக்குள் வெகு நேரம் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"அப்போ நான் இல்லியாப்பா?"

"நீ இல்லம்மா. நீ இல்லவே இல்ல."

அதற்குப் பிறகுதான் அந்தக் குழந்தை அழுதது. அப்படி ஒரு அழுகையை நான் எங்கும் கேட்டதில்லை. அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு, அத்தனை நாள் அடக்கி வைத்ததையெல்லாம் அழுது தீர்த்தது. அக்கம்பக்கத்துக் கதவுகள் திறந்தன. யாரும் கிட்டே வரவில்லை. நான் சுவரைப் பார்த்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

பிறகு, குறித்துக்கொண்டு மட்டும் வந்த வீடுகளுக்கெல்லாம் மறுபடி போனேன். சுர்ரென்று இழுக்கும் சாமான்களின் பிளக்கை என் கையாலேயே பிடுங்கிப் போட்டேன். எர்த் சரி செய்து, ட்ரிப்பர் வைக்கிற வரைக்கும் தொடக் கூடாது என்று கொஞ்சம் கத்தியே சொன்னேன். வண்டியை எடுக்கும்போது திரும்பிப் பார்த்தேன். கடைசி வீட்டு வாசலில் அவர் மண்டியிட்டு, குழந்தையின் காலில் அந்த நீலச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். அவள் பாதம் செருப்பில் பாதிகூட வரவில்லை. அப்பா தோளைப் பிடித்துக்கொண்டு, செருப்பு கழன்றுவிடாமல் இழுத்து இழுத்து இரண்டடி நடந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் பாத்ரூம் பல்பை மாற்றிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டேன்.

இன்றைக்கும் எந்த வீட்டுக்கு டெஸ்ட் பண்ணப் போனாலும் மீட்டரை எடுப்பதற்கு முன்னால் தரையைத்தான் பார்க்கிறேன்; மெஷின் பக்கத்தில் ஒரு ஜோடி செருப்பு கிடந்தால், அந்த வீட்டில் யாரோ யார்மேலோ உயிரையே வைத்திருக்கிறார்கள் என்று தெரிகிறது, அந்த உயிரைக் காப்பாற்ற அது மட்டும் போதாது என்பதும் தெரிகிறது.