தேன்மெழுகில் பதிந்த பற்கள்

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். கொல்லிமலையில் திண்ணனூர் நாட்டில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. சில ஊர்கள் சேர்ந்ததை நாங்கள் நாடு என்போம். மலைக்கு அப்போது ரோடு கிடையாது. எங்கே போவதானாலும் நடைதான். எனக்குக் கல்யாண வயது. குண்டனி நாட்டில் வாழ்க்கைப்பட்டிருந்த அப்பாவின் தங்கை, அதாவது என் அத்தை, தன் மகனுக்குத்தான் நான் என்று சிறுவயதிலேயே பேசி வைத்திருந்தாள். குறுக்கே நின்றது என் பல்.

ஏதோ கொஞ்சம் எடுப்பு என்று நினைத்துவிடாதீர்கள். மேல்வரிசை முன்பற்கள் உதட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே நிற்கும். கீழ்ப்பற்கள் அவற்றைத் தொடவே தொடாது. வாயை மூடினால் மேல் அண்ணத்தில் போய்க் குத்தும். கொய்யாப் பழத்தை நான் கடித்துத் தின்றதே இல்லை. கல்லில் தட்டி உடைத்து, துண்டைக் கடைவாயில் போட்டு மெல்லுவேன். நான் பேசினால் எதிரில் நிற்பவர்கள் என் கண்ணைப் பார்க்க மாட்டார்கள், வாயைத்தான் பார்ப்பார்கள்.

அத்தை கெட்டவள் இல்லை. ஒருநாள் வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே அப்பாவிடம் சொன்னாள்: "நான் என்ன பண்ணட்டும் அண்ணா? பையன் மொகங் குடுத்தே பேச மாட்டேங்கறான். வேற எடம் பாருங்கறான்."

அந்தச் சமயத்தில்தான் பட்டணத்திலிருந்து ஒரு பல் டாக்டர் மலையேறி வந்து, சோளக்காடு என்ற ஊரில் சந்தை கூடும் இடத்துக்குப் பக்கத்தில் கூடாரம் போட்டார். சாமையும் தினையும் ராகியும் தின்கிற மலைக்காரர்களுக்குப் பல்வரிசை எப்படி இருக்கிறது என்று ஆராய வந்தாராம். சந்தைக்கு வந்தவர்களை உட்காரவைத்து, சூடாக்கிய மெழுகைத் தட்டையாக்கி வாயில் கொடுத்துக் கடிக்கச் சொல்வார். பல் பதிந்ததும் எடுத்துப் பத்திரமாக வைத்துக்கொள்வார். கொண்டுவந்த மெழுகு தீர்ந்துபோகவே, மலைத்தேன் எடுக்கிற அப்பா சேர்த்து வைத்திருந்த தேன்மெழுகை வாங்கிக்கொண்டார். அப்படித்தான் அப்பாவுக்கு அவர் பழக்கமானார்.

என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. என்னைப் பார்த்து முகம் மலர்ந்த முதல் ஆண்பிள்ளை அவர்தான் என்று இப்போது சொல்லிச் சிரிக்கிறேன். அன்று எனக்குக் கூச்சத்தில் அழுகைதான் வந்தது.

"இந்த மலையில எல்லாருக்கும் பல் வரிசையா இருக்கு. இந்தப் பொண்ணுக்கு மட்டும் ஏன் இப்படி? சேலத்துக்கு அழைச்சுட்டு வாங்க, எக்ஸ்ரே எடுக்கணும்" என்றார் அப்பாவிடம்.

எக்ஸ்ரே என்றால் எங்களுக்கு என்ன தெரியும்? ஏதோ வெளிச்சம் பாய்ச்சிக் குணப்படுத்துகிற புது வைத்தியம் என்று நினைத்தோம். வெறுமனே பார்ப்பதற்காக ஒரு பெண்ணை மலையிறங்கிச் சேலம் வரைக்கும் யாராவது வரச்சொல்வார்களா? பார்க்க வேண்டியதைத்தான் கூடாரத்திலேயே பார்த்துவிட்டாரே!

அடிவாரம் வரை நடந்து, அங்கிருந்து, யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காததால் கரியில் ஓடிய பஸ்ஸில் ஏறிப் போனோம். அதற்கு முன் நான் பஸ்ஸைக் கண்டதில்லை. வழியெல்லாம் வாந்தி. ஆஸ்பத்திரியில் ஜன்னலை அடைத்த ஓர் அறையில் நாற்காலியில் உட்காரவைத்து, தலை அசையாமலிருக்கப் பட்டையால் கட்டினார்கள். கன்னத்தை ஒட்டி ஒரு தகட்டை நிறுத்திப் பக்கவாட்டில் ஒரு படம் எடுத்தார்கள். அப்புறம் கறுப்புத் தாள் சுற்றிய சின்ன அட்டை ஒன்றை முன்பற்களுக்கு நடுவில் வைத்தார் டாக்டர்.

"கெட்டியா கடிச்சுக்கோம்மா. அசையாதே."

கீழ்த்தாடையை இழுத்து முன்னே கொண்டுவந்து கடித்தேன். மெஷின் உறுமியது. கடித்த கடியில் தாடை நடுங்கியது. எவ்வளவு கெட்டியாகக் கடிக்கிறேனோ அவ்வளவுக்குப் பல் உள்ளே போகும் என்று நம்பி, குலதெய்வத்தைக் கூப்பிட்டுக்கொண்டே கடித்தேன். "ரொம்ப நல்லா ஒத்துழைச்சே" என்று டாக்டர் என் தலையைத் தொட்டார். அப்பா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

ஊர் திரும்பியதும் அப்பா குண்டனி நாட்டுக்குப் போய், வைத்தியம் ஆகிவிட்டது என்று சொல்லிவிட்டு வந்தார். அத்தைக்கும் சந்தோஷம்தான். "பல்லு உள்ள போகட்டும் அண்ணா. தை வரைக்கும் பையனப் பொறுக்கச் சொல்றேன்" என்றாளாம்.

எங்கள் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி கிடையாது. பல் எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? டாக்டர் செய்ததையே நானும் செய்தேன். தேன்மெழுகை வெந்நீரில் இளக்கி, அடைபோல் தட்டிக் கடித்துப் பார்ப்பேன். மேல்பல் பதிந்த குழிக்கும் கீழ்ப்பல் பதிந்த குழிக்கும் இடையில் விரலை வைத்து அளப்பேன். கடித்த மெழுகையெல்லாம் பரணில் சேர்த்து வைத்தேன். ஒவ்வோர் அமாவாசைக்கும் ஒன்று. ஒருமுறை இடைவெளி குறைந்திருந்தது. சந்தோஷத்தில் ஓடிப்போய் அப்பாவைக் காட்டிலிருந்து அழைத்து வந்தேன். அவர் முன்னால் மறுபடி கடித்துப் பார்த்தால், பழைய இடைவெளிதான். முதலில் தாடையை முன்னே தள்ளிக் கடித்துவிட்டிருக்கிறேன். அப்பா மெழுகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்றிலிருந்து காலையில் எழுந்ததும் கட்டைவிரலால் பல்லை உள்ளே அழுத்துவேன். குப்புறப் படுத்துத் தூங்குவேன். ஈறு வீங்கியதுதான் மிச்சம்.

மார்கழியில் டாக்டர் மறுபடி சோளக்காட்டுக்கு வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டோம். மெழுகையெல்லாம் மடியில் கட்டிக்கொண்டு நானும் அப்பாவும் போனோம். என்னைக் கண்டதும் அவருக்கு ஒரே உற்சாகம். பெட்டியிலிருந்து அந்தப் பக்கவாட்டுப் படத்தை எடுத்து வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

"பாரும்மா, எவ்வளவு தெளிவா வந்திருக்கு! பட்டணத்துல எல்லா டாக்டருக்கும் இதைத்தான் காட்டப்போறேன்."

பார்த்தேன். உதடு இல்லை, கன்னம் இல்லை, கண் இல்லை. எலும்பும் பல்லும் மட்டும். செத்து மண்ணுக்குள் போன பிறகு இருக்கப்போகிற என் முகம் அது. அதிலும் பல் வெளியேதான் நின்றது. மேல்தாடை எலும்பே முன்னால் தள்ளி வளர்ந்திருக்கிறது, பல்லின் வேரே சாய்ந்துதான் இருக்கிறது என்று ஒரு குச்சியால் தொட்டுத் தொட்டு அப்பாவுக்கு விளக்கினார். அப்பா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

நான்தான் கேட்டேன். "எப்பங்க உள்ள போகும்? தையில எனக்குக் கல்யாணங்க."

அவர் படத்தைக் கீழே இறக்கினார். முதல் தடவையாக என் கண்ணைப் பார்த்தார்.

"இது வைத்தியம் இல்லேம்மா. படம் மட்டும்தான். சின்ன வயசுலேயே கம்பி கட்டி இழுத்திருந்தா ஒருவேளை... இப்ப வேணும்னா பிடுங்கலாம்."

மடியை அவிழ்த்து மெழுகுகளை அவர் முன்னால் வைத்தேன். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். இதெல்லாம் எதற்கு என்று அவருக்குப் புரிந்துவிட்டது. கண் கலங்கியது. நல்ல மனுஷர்தான், பொய் சொல்லக்கூடாது. ஆனாலும் கடைசியில் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "இதையெல்லாம் நான் எடுத்துக்கட்டுமா? எங்களுக்கு உபயோகமா இருக்கும்."

கொடுத்துவிட்டேன். எனக்கு எதற்கு?

திரும்பி நடந்தோம். பாதி வழியில் அப்பா, "நானாவது கேட்டிருக்கோணும் சாமி" என்றார். அவ்வளவுதான். அன்றே குண்டனி நாட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லிவிட்டு வந்தார். தையில் அத்தை மகனுக்கு வேறு பெண்ணோடு கல்யாணம் நடந்தது. நானும் போய்ப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அத்தை என் இலையில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். அதற்கப்புறம் என்னைக் கேட்டு யாரும் வரவில்லை. சாகக் கிடந்தபோதுகூட அப்பா, "அந்த வெளிச்சம் பத்தல போலிருக்குது கண்ணு. இன்னொருக்காப் போயிருக்கலாம்" என்று முனகினார். இல்லை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

இதை எழுதுகிற எழுத்தையெல்லாம் வெகுகாலம் கழித்து முதியோர் பள்ளியில்தான் கற்றுக்கொண்டேன். இப்போது ஊருக்கு வைத்திய முகாம் என்று யார் வந்தாலும், ஊசி போட்டுக்கொள்கிறேனோ இல்லையோ, முன்னால் போய் நின்று, "பாத்துட்டுப் போறதுக்கு வந்தீங்களா, கொணப்படுத்த வந்தீங்களா?" என்று கேட்டுவிடுவேன். கிழவிக்கு வாய் நீளம் என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அந்தப் பற்கள் போன வருஷம் தாமாகவே விழுந்துவிட்டன. உதடு இப்போது அழகாக மூடுகிறது. பார்க்கத்தான் யாரும் இல்லை. பட்டணத்தில் எந்தப் பெட்டியிலோ அந்தப் படம் இருந்தால், அதில் நான் இன்னும் பல் உள்ளே போய்விடும் என்று நம்பிக்கொண்டு அசையாமல்தான் உட்கார்ந்திருப்பேன். அது வைத்தியம் இல்லை என்று படத்திலிருக்கிற அந்தப் பெண்ணிடம் போய்ச் சொல்ல ஆள் இல்லையே என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாத துக்கம்.