கூட்டாளி என்று எழுதிய செய்தி

எழுத எனக்குப் பயம் இருந்ததில்லை. ஒருவரிடம் போய் ஒன்றைக் கேட்பதற்குத்தான் பயம். வெள்ளைக்காரர்கள் மலாயாவில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க அவசரகாலம் அறிவித்திருந்தபோது, நான் மலாக்கா பக்கத்து மெர்லிமாவில் ஒரு மளிகைக் கடையில் சாமான் நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவன். பொட்டலம் கட்ட வரும் பழைய தமிழ்ப் பத்திரிகைகளைக் கிழிப்பதற்கு முன் படித்துவிடுவேன். அப்படி ஒரு நாள், கோலாலம்பூர்ப் பத்திரிகை ஒன்றில் பகுதி நேர நிருபர்கள் தேவை என்று பார்த்தேன். மாதச் சம்பளம் கிடையாது. அச்சில் வரும் செய்திக்கு மட்டும் ஏதோ கொடுப்பார்கள். முதலில் மூன்று செய்திகள் எழுதி அனுப்ப வேண்டும். அவை தேறினால் நிருபர் அட்டை வரும்.

அந்த அட்டைமேல் எனக்கு ஆசை வந்துவிட்டது. கடையில் ஆள் இல்லாதபோது அரிசி மூட்டைகளைப் பார்த்துக் கேள்வி கேட்டுப் பழகினேன். "ஐயா, சம்பவம் எத்தனை மணிக்கு நடந்தது?" முதலாளி ஒருமுறை அதைக் கேட்டுவிட்டார்.

"மூட்ட பதில் சொன்னா என்னையும் கூப்புடு. அரிசி எப்ப வெல எறங்கும்னு நானும் கேக்கணும்" என்றார்.

மனிதர்களிடம் கேட்பது வேறு. அந்தக் காலத்தில் யார் எங்கே போனார், யாரோடு போனார் என்று கேட்கிறவனைக் கண்டால் ஆட்கள் ஒதுங்குவார்கள். காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போய்ச் சேரக் கூடாது என்று, விற்கிற டின்களைக் கடையிலேயே ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும். ஒரு சார்டின் டின்னில் ஓட்டை போட்டுக்கொண்டே வாங்க வந்தவரிடம், "தோட்டத்துல என்னா விசேஷம்ணே?" என்று கேட்டேன்.

"ஏன் தம்பி, டின்னுக்குப் போட்ட ஓட்ட போதாதா? எனக்கும் போடணுமா? மாத்தா-மாத்தால சேந்துட்டியா?"

போலீஸுக்கு அதுதான் பெயர். அதற்குப் பிறகு நான் கேட்பதை விட்டுவிட்டு, சாமான் நிறுக்கும்போது காதை மட்டும் திறந்து வைத்தேன். முதல் செய்தி வெள்ளம். அதற்குக் கேள்வியே தேவைப்படவில்லை, தண்ணீர் கடைக்குள்ளேயே வந்தது. அச்சில் வந்துவிட்டது.

இரண்டாவது செய்தி பக்கத்துத் தோட்டத்து நாடகம். அதை நடத்தியவர் ரப்பர் பால்மரம் சீவுகிற ஒரு அண்ணன். எங்கள் கடைக்கு வாடிக்கை. பள்ளிக்கூடக் கூரை ஒழுகுகிறது என்று, காசு திரட்ட நாடகம் போட்டார். தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்களைச் சுற்றிக் கம்பிவேலி, மாலையில் ஊரடங்கு. அதனால் விடிய விடிய ஆட வேண்டிய நாடகத்தை ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில் ஆடினார்கள். அண்ணன்தான் ராஜா. வெயிலில் அரிதாரம் உருகிக் கழுத்து வழியாக ஓட, ராஜா போருக்குப் போகும்போது ஒட்டுமீசை ஒரு பக்கம் தொங்கியது. நான் போய்ப் பார்த்து எழுதினேன். அவரும் அவருடைய கூட்டாளிகள் ஆறு பேரும் காட்டோரம் போய் மூங்கில் வெட்டி வந்து மேடை போட்டார்கள் என்று நடுவில் எழுதி, தோட்டத்துத் துரையிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கியிருந்ததைக் கடைசி வரியில் சேர்த்தேன்.

இடம் போதாவிட்டால் பத்திரிகைக்காரர்கள் செய்தியை அடியிலிருந்துதான் வெட்டுவார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. கடைசி வரி போய்விட்டது.

செய்தி வந்த மறுநாள் காலையில் அண்ணனுடைய மனைவி கடைக்கு ஓடி வந்தார். பால்மரம் சீவும் வேலைக் காட்டிலிருந்து நேராக வந்திருந்தார். தலையில் கட்டிய துணியைக்கூட அவிழ்க்கவில்லை.

"தம்பி, அவர ஜீப்புல ஏத்திட்டுப் போயிட்டாங்க. காட்டுக்குப் போனாருன்னு நீ பேப்பர்ல போட்டிருக்கியாமே? கப்பல் ஏத்திடுவாங்களா தம்பி?"

பிடித்துக்கொண்டு போய் இந்தியாவுக்கே கப்பல் ஏற்றி அனுப்பியது நடந்துகொண்டிருந்த காலம் அது. அண்ணனோ இங்கேயே பிறந்தவர். எந்த ஊருக்கு அனுப்புவார்கள் என்றுகூட எனக்கு யோசிக்கத் தோன்றவில்லை. தராசுத் தட்டை வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

"நீ போயி என்னாத்தப் பேசப் போற? மூட்டகிட்டயே திக்குற ஆளு" என்றார் முதலாளி. பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, "போ, போ. நான் நிறுத்துக்கிறேன். நீயும் உள்ள உக்காந்துட்டா டின்னுக்கு ஓட்ட போட ஆளில்ல" என்றார்.

போலீஸ் ஸ்டேஷனில் அண்ணன் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மேசைக்கு அந்தப் பக்கம் மொழிபெயர்ப்பாளர்; மதராஸிலிருந்து வந்து சில மாதங்களே ஆனவர். அவருக்கு முன்னால் என் செய்தி விரிந்து கிடந்தது. எங்கள் கடையில் சிகரெட் வாங்கும் மலாய்க் கார்ப்பரல் சுவரில் சாய்ந்து நின்றார்.

"இத எழுதினது நீங்கதானா?" என்றார் மொழிபெயர்ப்பாளர். "ஆறு கூட்டாளிங்களோட காட்டுக்குப் போனார்னு இருக்கு. யார் அந்தக் கூட்டாளிங்க?"

"கூட்டாளிங்கதான் சார்."

"அதத்தாங்க நானும் கேக்கறேன். என்ன குத்தத்துல கூட்டாளிங்க?"

அப்போதுதான் புரிந்தது. எங்களுக்குக் கூட்டாளி என்றால் சேர்ந்து படித்தவன், சேர்ந்து சாப்பிடுகிறவன். அவர் பழகிய பத்திரிகைத் தமிழில் திருடனுக்கும் கொலைகாரனுக்கும்தான் கூட்டாளி இருப்பான். அவர்மேல் தப்பில்லை. அதைச் சொல்ல வேண்டும், ஆனால் மூட்டைகளிடம் கேட்டுத்தான் பழகியிருந்தேன், பதில் சொல்லிப் பழகவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் கார்ப்பரல் பக்கம் திரும்பி மலாயில் சொன்னேன்:

"கவான். கவான் டியா."

"கவான் லா!" என்று கார்ப்பரல் சிரித்துவிட்டார். நண்பர்கள்தானா, இதற்கா இத்தனை பாடு என்று மலாயும் அரைகுறை இங்கிலீஷும் கலந்து மொழிபெயர்ப்பாளரிடம் பேசினார். நாடகத்தன்று தோட்டத்து கேட்டில் காவலுக்கு நின்றதே அவர்தானாம். ராஜாவின் மீசை தொங்கியதை நடித்தும் காட்டினார். பெஞ்சில் இருந்த ராஜா தலையைக் குனிந்துகொண்டார்.

எனக்கு அதற்குப் பிறகு வாய் வந்தது. விட்டுப்போன கடைசி வரியைச் சொன்னேன். மொழிபெயர்ப்பாளர் உள்ளே போய் அதிகாரியிடம் பேசினார். தோட்டத்து ஆபீசுக்குப் போன் போட்டார்கள். துரை அனுமதி கொடுத்தது உண்மை என்று கிராணி, தோட்டத்துக் கணக்குப்பிள்ளை, சொன்னார். ஊரடங்குக்கு முன் அண்ணனைத் தோட்டத்து லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். லாரியில் கால் வைத்துக்கொண்டே, "மீசைய எழுதாம விட்டியே, அதுக்குப் புண்ணியம்" என்றார். பிறகு முகம் மாறி, "எழுதறத எழுது தம்பி. ஆனா பேப்பருக்குப் போறதுக்கு முன்னாடி என் காதுக்கு வந்துட்டுப் போகட்டும்" என்றார்.

மூன்றாவது செய்தி, அந்தக் காசில் பள்ளிக்கூடத்துக்குக் கூரை மாற்றியது. துரையின் அனுமதியை முதல் வரியிலேயே வைத்து எழுதி, எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். வேலிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். படித்துக் காட்டினேன்.

"'நண்பர்கள்'னு போட்டிருக்கியே, யாருய்யா அவனுங்க? எனக்கு அப்படி எவனும் கெடையாதே" என்றார்.

"கூட்டாளின்னு போட்டா மறுபடியும் ஜீப்பு வரும்ணே. தோழர்கள்னு போடவா?"

"ஐயையோ! காட்டுல இருக்கிறவனுங்க அப்படித்தானய்யா கூப்புட்டுக்கிறானுங்க! கப்பலுக்கு நீயே டிக்கெட் எடுத்துருவ போல." பிறகு வேலி வழியாக என் கையிலிருந்த தாளைக் காட்டினார். "பேர எழுதிடு. ஆறு பேரோட பேரையும். ஆனா அவனுங்களக் கேட்டுட்டு எழுது."

கேட்காமல் முடியாது. கேட்டில் சொல்லிவிட்டு உள்ளே நுழைந்து, பென்சிலோடு லயம் லயமாகப் போனேன். ஒவ்வொரு வாசலிலும் எதற்கு வந்தேன் என்று முதலில் சொன்னேன், பிறகு பெயரைக் கேட்டேன். ஐந்து பேர் சொன்னார்கள். ஆறாமவர் கை கழுவிக்கொண்டே தலையை ஆட்டினார்.

"எனக்கு வேணாம் தம்பி. எம் பொண்டாட்டி பேரப் போடு. கூரைக்கு அத்தாப்பு ஓலைய முடைஞ்சது அவதான்."

உள்ளே அடுப்படியிலிருந்து, "என் பேரு எதுக்கு?" என்று ஒரு குரல் வந்தது. ஓலை முடைய எத்தனை நாளாயிற்று என்று அந்தக் குரலிடம் கேட்டேன். அரிசி மூட்டையிடம் கேட்டதைவிட அது எனக்குச் சுலபமாக இருந்தது.